ஜாக்கி மேல் நின்ற வீடு

பெயர்: கெல்வின் ஜேம்ஸ் ட்ரெலோர். வயது: ஐம்பத்து மூன்று. தொழில்: பழைய மரவீடுகளுக்குக் கால் மாற்றுவது. விலாசம்: பழைய வெண்ணெய் ஆலைச் சாலை, யாரம்பீல், விக்டோரியா மாநிலம், ஆஸ்திரேலியா. பதிவு செய்தவர்: சீனியர் கான்ஸ்டபிள் பிரையோனி கீலி, யாரம்பீல் காவல் நிலையம். நாள்: கால்பந்து இறுதிப் போட்டிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

நான் மேலே கண்ட விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். முன்பு மனைவியுடன் குடியிருந்தேன். ஊரில் பாதி வீடுகளுக்குக் கால் மாற்றிய நான் என் வீட்டுக்கு மட்டும் இன்னும் மாற்றவில்லை, சமையலறை மேசையில் முட்டையை வைத்தால் அது தானாகவே அடுப்பை நோக்கிப் போகும், என் மனைவி என்னை விட்டுப் போனதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. இந்த விவரம் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். விலாசத்தைப் பற்றிக் கேட்டதால் சொன்னேன்.

நேற்று சனிக்கிழமை, நெவில் டன்ஸ்டன் என்பவர் தன் வீட்டுக்கு அடியிலேயே உத்திரம் நெஞ்சில் இறங்கிய நிலையில் கிடந்தது தொடர்பாக நான் சந்தேகிக்கப்படுகிறேன் என்றும், எதுவும் பேசாமலிருக்க எனக்கு உரிமை உண்டு என்றும் அதிகாரி எடுத்துச் சொன்னார். என்னைத் தெரிந்த யாரும் அந்த உரிமையை என்னிடம் கொடுத்து வீணாக்க மாட்டார்கள். நெவில் இப்போது மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அவர் கண் விழித்து வேறு மாதிரிச் சொன்னால் ஒழிய, வீட்டை அவர் மேல் இறக்கியவன் நான்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று காலை பேக்கரியில் எனக்கு ரொட்டி கொடுத்த பெண் மீதிச் சில்லறையை என் கையில் வைக்காமல் மேசையில் வைத்துத் தள்ளினாள். நான் இறக்கவில்லை.

இதைக் கோர்ட்டில் படிப்பவர் மெல்போர்னில் மாடிக் கட்டிடத்தில் வளர்ந்தவராக இருக்கலாம் என்பதால் என் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலகைத் தரை போட்டவை, தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம் விட்டு மரக் குத்துக்கால்களின் மேல் நிற்பவை. மரம் மண்ணுக்குள் மட்கும், களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும், வீடு மெல்ல ஒரு பக்கம் சாயும். நான் வீட்டை ஜாக்கிகளின் மேல் தூக்கி நிறுத்தி, மட்டம் பார்த்து, மட்கிய கால்களைப் பிடுங்கி, குழி வெட்டி, கான்கிரீட் கால்களை உத்திரத்தில் கம்பியால் கட்டிக் குழிக்குள் தொங்க விடுவேன். அதன் பிறகு நகராட்சி ஆய்வாளர் வந்து குழியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காமல் குழியில் ஒரு கரண்டி கலவை கூட ஊற்றக் கூடாது. ஊற்றி இறுகிவிட்டால் வீடு எந்த நிலையில் நிற்கிறதோ அதுதான் அதன் தலையெழுத்து. அதுவரை வீடு ஜாக்கி மேல்தான் நிற்கும், கால் முறிந்து கட்டு போட்டவன் கட்டிலில் கிடப்பது மாதிரி.

டன்ஸ்டன் வீட்டு வேலைக்கு என்னை அழைத்தவர் நெவிலின் மனைவி கிளெனிஸ். நெவில் ஓய்வு பெற்ற பால் லாரி ஓட்டுநர், வயது எழுபதைத் தாண்டியவர். கிளெனிஸ் அவரைவிட இரண்டு மூன்று வயது இளையவர், கால்பந்துக் கிளப்பின் சாப்பாட்டுக் கடையை அவர்தான் நடத்தி வருகிறார். வீட்டை விற்றுவிட்டுக் குவீன்ஸ்லாந்தில் தங்கை வீட்டுப் பக்கத்தில் குடியேற வேண்டும் என்பது கிளெனிஸின் விருப்பம். நெவில் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, "பாக்கலாம்" என்றார். ஊரில் நெவில் சொல்லும் "பாக்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், கிளெனிஸுக்கு மட்டும் தெரியாத மாதிரி இருந்தார். அதன் பிறகு வீடு பார்க்க மெல்போர்னிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு கோல்ஃப் பந்தை எடுத்துச் சமையலறைத் தரையில் வைத்தார். பந்து புறப்பட்டு, ஹாலில் திரும்பி, குளியலறைக்குள் போய் மறைந்தது. அவர்கள் பந்தைக் கூடத் தேடாமல் காரில் ஏறிப் போனார்கள். நெவில் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பினார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பந்தை அவர் இன்னும் சட்டைப் பையில் வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

அதன் பிறகு கிளெனிஸ் எனக்கு போன் செய்தார். "வீட்ட நேராக்கிக் குடு கெல்வின். கல்யாணமான நாள்லேருந்து மலையேறிப் போய்த்தான் டீ போடுறேன்" என்றார்.

திங்கட்கிழமை நானும் என் கூட்டாளி ட்ராயும் வேலையைத் தொடங்கினோம். ஜாக்கிகளை ஏற்றியதும் நெவிலையும் கிளெனிஸையும் கூப்பிட்டு, வீடு ஜாக்கியில் நிற்கும் நாள்வரை யாரும் கதவைப் படாரென்று சாத்தக் கூடாது, அதிர்ச்சியில் ஒரு ஜாக்கி நகர்ந்தாலும் உத்திரம் இறங்கிவிடும் என்று எச்சரித்தேன். இதை எல்லா வீட்டிலும் சொல்வேன். கிளெனிஸ், "நெவில் மேல கோவம் வந்தாத்தான் நான் கதவச் சாத்துவேன்" என்றார். நெவில், "அப்போ தெனம் மூணு வேள. கெல்வின், நீ இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கியா?" என்றார். மூவரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை டீ குடிக்கப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது, நெவில் தோட்டத்திலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றி இரண்டையும் இரண்டு திசையில் விட்டுவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் பூட்ஸோடு யாரும் உள்ளே போக முடியாது, போன வருடம் பாதிரியாரே சாக்ஸோடு நின்றுதான் ஜெபம் செய்தார். கிளெனிஸ் வெளியே வந்து, "கவுத்து வைங்க, கவுத்து வைங்கன்னு எத்தன தடவ சொல்றது? செவப்பு முதுகு வெஷச் சிலந்தி உள்ள பூந்துக்கிட்டா என்ன ஆகும்? கடிச்சாத்தான் தெரியுமா?" என்று கத்தினார். நெவில் உள்ளேயிருந்து, "பால் லாரிய ஒருதடவ கவுத்திருக்கேன். இந்த ஜென்மத்துக்கு அது போதும்" என்றார். அதன் பிறகு கிளெனிஸே குனிந்து பூட்ஸைச் சேர்த்து, ஜோடியாகக் கவிழ்த்து, குதிகால் சுவரைத் தொடும்படி வைத்தார். இந்த விவரமும் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். சரி என்றேன்.

புதன்கிழமை வீட்டை மட்டத்துக்குக் கொண்டு வந்தோம். கிளெனிஸ் நெவிலின் சட்டைப் பையிலிருந்து பந்தைப் பிடுங்கிச் சமையலறையில் வைத்தார், அது அசையவில்லை. அவர் கைதட்டினார். அதன் பிறகு டீ போடப் போனவர் சமையலறைக் கதவைச் சாத்தப் பார்த்தார், அது சாத்தவில்லை. குளியலறைக் கதவும் சாத்தவில்லை. வீட்டில் ஒரு கதவும் சாத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலைப்பக்கம் ஒரு மூலையில் விரல் நுழைந்தது, எதிர் மூலை நிலையில் முட்டியது. வீடு சாயச் சாய, எந்தக் கதவு பிடிக்கிறதோ அதை நெவில் கழற்றி இழைப்புளியால் சீவி மாட்டியிருக்கிறார். கோணல் வீட்டுக்குக் கோணல் கதவு. எல்லா ஆண்பிள்ளைகளும் செய்வதுதான், எங்கள் ஊரில் செங்கோணத்தில் ஒரு கதவு கூடக் கிடையாது. ஆனால் மற்றவர்கள் குத்துமதிப்பாகச் சீவுவார்கள். நெவில் சீவியதைக் கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருந்தது.

நெவில் அன்று கோபப்படவில்லை. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "வீடு கொஞ்சம் எறங்கும், நான் கொஞ்சம் சீவுவேன். அதுவும் நானும் பேசி வச்சுப் பண்ணுன வேலடா இது. நடுவுல நீ யாரு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். என் ஒப்பந்தத்தில் கதவு சேராது, புதுக் கதவு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கிளெனிஸ், "வாங்குறவங்க மாத்திக்கட்டும்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு நெவில் வெளியே போய்த் தன் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது வீட்டின் பின்மூலை ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. முதலில் களிமண்ணைச் சந்தேகித்தேன். அடுத்ததாக ட்ராயைச் சந்தேகித்தேன், ஏனென்றால் இறுதிப் போட்டி வாரத்தில் அவன் புத்தி கோல் கம்பத்திலேயே இருந்தது. அதன் பிறகு, இந்த வேலை கிடைக்காமல் போன பக்கத்து ஊர்க்காரனைச் சந்தேகித்தேன். அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தபோது புழுதியில் பெரிய பூட்ஸ் முனை இழுபட்ட தடம் இருந்தது. நான் இரவு அங்கேயே விட்டிருந்த ஜாக்கிக் கைப்பிடி இடம் மாறியிருந்தது. நெவிலின் பூட்ஸ் அளவு ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. நான் மூலையைத் திரும்பத் தூக்கினேன்.

அன்று மாலை கிளப்பில் இறைச்சியைப் பரிசாக வைக்கும் வாராந்திரக் குலுக்கல் நடந்தது. சீட்டு எண்களைப் படிப்பவன் நான்தான், அதற்குக் கூலியாக எனக்கு ஒரு பீர். நெவில் வந்து மேடைக்கு முன்னால் நின்று, "என் வீட்ட எறக்கி வைடா" என்றார். முடியாது என்றேன். "அப்போ நானே எறக்கிக்கிறேன், ஜாக்கி என்ன உங்கப்பன் வீட்டு ரகசியமா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் நெவில், இன்னொரு வாட்டி என் ஜாக்கி மேல கை வச்சா, மொத்த வீட்டையும் உன் தல மேல எறக்கிடுவேன்யா!" என்று சொன்னேன். சொன்னது உண்மை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி என் கையில் இருந்ததும் உண்மை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது என்று சாட்சிகள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கூட்டம் சிரித்தது. நெவில் சிரிக்கவில்லை. அதன் பிறகு நான் எண்ணைப் படித்தேன், ஆட்டுக்கால் நெவிலுக்கே விழுந்தது, அவர் வாங்காமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசிக் கால்களையும் கட்டித் தொங்கவிட்டோம். ஆய்வாளர் போன் செய்து, மறுநாள் இறுதிப் போட்டி என்பதால் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். எனக்கு அப்போதே மனம் சரியில்லை. இரண்டு நாள் வீடு ஜாக்கி மேல், குழிகள் திறந்து கிடக்க, உள்ளே நெவில். அதனால் எல்லாக் கைப்பிடிகளையும் பொறுக்கி என் வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கைப்பிடி இல்லாமல் அந்த ஜாக்கிகளை யாரும் திருப்ப முடியாது. நான் என் கழுத்தில் மாட்டிக்கொண்டது சாவி இல்லை, சுருக்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை ஊரே மைதானத்தில் இருந்தது. கடைகள் எல்லாம் அடைப்பு. மைதானத்தைச் சுற்றி வேலியை ஒட்டிக் கார்கள் நின்றன, நம் பையன்கள் கோல் போட்டால் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். யாருடைய கார் எந்த இடத்தில் நிற்கும் என்பது கல்லறையில் இடம் பிடித்து வைத்த மாதிரி, மாறாது. நெவிலின் இடம் ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில். அந்த இடம் காலியாக இருந்தது, வரிசையில் ஒரு பல் விழுந்தது போல. இறுதிப் போட்டி அன்று நெவில் வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பாதி ஆட்டம் முடிந்த இடைவேளையில் சாப்பாட்டுக் கடைக்குப் போய், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட இறைச்சிப் பை ஒன்று கேட்டேன். கிளெனிஸ் அங்கே இல்லை. தக்காளி சாஸ் தீர்ந்துவிட்டது, எடுத்துவரப் போயிருக்கிறார் என்று கடையில் உதவிக்கு நின்ற பெண் சொன்னாள். நான் வரிசையிலேயே நின்றேன். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு கிளெனிஸ் வந்தார். கையில் சாஸ் இல்லை. ஏப்ரனில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருந்தது, பை மாவு என்று நினைத்துக்கொண்டேன். "சாஸ் எங்க கிளெனிஸ்?" என்றேன். "சூப்பர் மார்க்கெட் மூடிட்டான். வெறும் பையாத் தின்னு, உன் தொப்பைக்கு நல்லது" என்றார். இறுதிப் போட்டி அன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும் என்பது யாரம்பீலில் நாய்களுக்குக் கூடத் தெரியும். "நெவில் வரலையா?" என்று கேட்டேன். "ஆம்பளைங்க எங்க இருக்காங்கன்னு தேடுறத நான் எப்பவோ விட்டுட்டேன்" என்றார். நான் பையைக் கடிக்காமலே என் வண்டியை எடுத்துக்கொண்டு டன்ஸ்டன் வீட்டுக்குப் போனேன். நான் மைதானத்தை விட்டுப் போனதைப் பலர் பார்த்தார்கள். கிளெனிஸ் போனதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் சாஸ் எடுக்கப் போகிறவரை யாரும் பார்ப்பதில்லை.

சாலையிலிருந்தே கூரை விளிம்பு சாய்ந்திருப்பது தெரிந்தது. நெவிலின் கார் கொட்டகையில் இருந்தது. பின்வாசலுக்குப் போனேன். படியில் அவருடைய பூட்ஸ் கலவை படிந்து ஈரமாக, ஜோடியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. அதன் பிறகு வீட்டின் பக்கவாட்டில் பலகையை நகர்த்தி அடியில் எட்டிப் பார்த்தேன். ஈரக் கலவை வாடை அடித்தது. அடிமண் தெரிய வேண்டிய குழிகளில் எல்லாம் புதுக் கலவை நிரம்பியிருந்தது, காலி மூட்டைகள் கிடந்தன. வீடு முழுவதும் இறக்கப்பட்டிருந்தது, என் மட்டம் எங்கேயும் இல்லை. கடைசியில், படுக்கையறை மூலையில் மட்டும் குழி திறந்திருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு கம்பளிச் சாக்ஸ் தெரிந்தன. ஒன்றில் பெருவிரல் வெளியே இருந்தது.

ஜாக்கி சாய்ந்து விழுந்து கிடந்தது, உத்திரம் நெவிலின் நெஞ்சின் மேல் இருந்தது. நான் ஓடிப் போய் வண்டிப் பெட்டியைத் திறந்து கைப்பிடியை எடுத்துவந்து, ஜாக்கியை நிமிர்த்தி மூலையைத் தூக்கி, அவரை இழுத்து வெளியே போட்டேன். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸை அழைத்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர் மைதானத்தில் கோல் நடுவராக நின்றவர், அந்த வெள்ளைக் கோட்டுடனேயே வந்தார், அவர் கையைத் தூக்கியபோது ஒரு நொடி கோல் என்று சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன். அதிர்ச்சியில் மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

இன்று காலை அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: நெவில் தானே ஜாக்கிகளை இறக்கினார் என்றால் எதை வைத்துத் திருப்பினார்? கைப்பிடிகள் என் பூட்டுக்குள் இருந்தன. வீட்டுக்கு அடியில் கிடைத்த ஒரே கைப்பிடி என்னுடையது, அதில் ஈரக் கலவையும் என் கைரேகையும் இருந்தன. நான் பிரையோனியாக இருந்தால் கெல்வினைக் கைது செய்திருப்பேன்.

இந்த இடத்தில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. கிளெனிஸ் டன்ஸ்டன் மெல்போர்னில் கணவருடன் இருப்பதால், அவருடைய அனுமதியைப் போனில் பெற்று, அதிகாரி என்னை அழைத்துக்கொண்டு சம்பவ இடத்துக்குப் போனார். அதன் பிறகு சொல்லப்படுவது அங்கே கண்டது.

பின்வாசல் படியில் நான் பூட்ஸைக் கழற்றினேன். அதிகாரியும் கழற்றினார். வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் கழற்றினோம். "எதையும் தொடக் கூடாது கெல்வின்" என்றார். "மூச்சு விடலாமா?" என்றேன். "கம்மியா விடுங்க" என்றார்.

அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினார். அது டப்பா மூடி மாதிரி உட்கார்ந்தது. குளியலறைக் கதவைச் சாத்தினார், சத்தமே இல்லாமல் சேர்ந்தது, இடுக்கில் ஒரு காகிதம் நுழையவில்லை. அடுத்த கதவும் அப்படியே. புதன்கிழமை ஒன்றும் சாத்தாத கதவுகள். நான் சொன்னேன்: "பிரையோனி, வீட்ட மட்டமா நிறுத்த எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு கதவும் எவ்வளவு கோணல்ங்கறது சீவுனவனுக்கு மட்டுந்தான் தெரியும். நான் நாலு வாரம் முயற்சி பண்ணாலும் இது வராது." அதிகாரி கதவை இன்னொரு முறை திறந்து சாத்திப் பார்த்தார். வேலைக்காகப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

அதன் பிறகு தரையைப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் சாம்பல் நிறத்தில் சாக்ஸ் தடம் காய்ந்திருந்தது, வந்த தடமும் போன தடமும். அடியில் ஒரு மூலையை இறக்கிவிட்டு, வெளியே வந்து பூட்ஸைக் கழற்றி, உள்ளே வந்து கதவைச் சாத்திப் பார்த்து, திரும்பப் போய்ப் பூட்ஸை மாட்டி, கலவை ஊற்றியிருக்கிறார். வீட்டையே கோணலாக்க வந்த மனிதர், கிளெனிஸின் தரை அழுக்காகக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பூட்ஸைக் கழற்றியிருக்கிறார். அதிகாரி இதை எழுதிக்கொண்டார்.

படுக்கையறைக்குள் போன தடம் முழுப் பாதம். வெளியே வந்த தடம் விரல்கள் மட்டும், ஓடியது. அது பின்வாசலுக்குப் போகவில்லை, முன்வாசலுக்குப் போனது. இந்த ஊரில் முன்வாசலை யாரும் பயன்படுத்துவதில்லை, பிரேதமும் வீட்டுத் தரகரும்தான் அந்த வழி. பின்வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டு நெவில் முன்பக்கமாக ஓடி, பூட்ஸ் இல்லாமல் அடியில் புகுந்திருக்கிறார் என்பது என் கருத்து. கருத்து வேண்டாம் என்று அதிகாரி சொன்னார், ஆனால் எழுதியதை அடித்துவிடவில்லை.

அதன் பிறகு அதிகாரி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தார். சுவரில் சாய்த்தபடி ஓர் இரும்புக் கம்பி இருந்தது, பால் லாரிச் சக்கரம் கழற்றும் கம்பி. முனையை அரத்தால் ராவி என் ஜாக்கியின் துளைக்குப் பொருந்தும்படி செய்திருந்தார். ராவிய இடம் பளபளத்தது, பிடியில் ஈரக் கலவை காய்ந்த விரல் அடையாளங்கள். காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே நின்றது. நான் கட்டில் விளிம்பில் உட்காரப் போனேன், தொடக் கூடாது என்று அதிகாரி சத்தம் போட்டார்.

ஆனால் அந்தக் கதவின் உட்புறம், கம்பியின் உயரத்தில், புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மரத்தூள் இன்னும் தரையில் இருந்தது. நெவில் கம்பியை ஒளித்துவிட்டு ஓடிய பிறகு, யாரோ ஹாலிலிருந்து அந்தக் கதவை ஓங்கித் தள்ளியிருக்கிறார்கள், கதவு கம்பியில் மோதியிருக்கிறது. அந்தக் கதவுக்கு நேர் கீழேதான் பாதி இறக்கிய ஜாக்கி. அதன் பக்கத்தில்தான் நெவில், மேலே நடப்பவர் போகட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு. கதவைத் தள்ளியது யார் என்று அதிகாரி கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

அதன் பிறகு அதிகாரி பின்வாசலுக்கு வந்து, என் கருவிகளில் கைப்பிடிகளைத் தவிர மற்றவற்றை நாளை திரும்பப் பெறலாம் என்றும், தேவையில்லாமல் ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றும் சொல்லி, காலையில் வாங்கி வைத்த என் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் படியில் உட்கார்ந்து என் பூட்ஸை மாட்டினேன். ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று ரோஜாச் செடிக்கு அடியிலும் கிடந்தது. பக்கத்தில் அதிகாரியின் ஷூக்கள். அவற்றுக்கு அடுத்து, நேற்று நான் பார்த்த மாதிரியே, காவல்துறைச் சீட்டு கட்டப்பட்டு நெவிலின் பூட்ஸ்.

எழுந்து போயிருக்கலாம். சாவி கையில் இருந்தது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"பிரையோனி, செவ்வாய்க்கிழமை விஷயம் தேவையில்லன்னு சொன்னீங்களே, அதத் திரும்ப எழுதுங்க" என்றேன்.

ஈரக் கலவையோடு அவசரமாகக் கழற்றிய பூட்ஸ். நான் வந்தபோதே ஜோடியாகச் சேர்ந்து, கவிழ்ந்து, குதிகால் சுவரைத் தொட்டபடி இருந்தது. கிளெனிஸ் மைதானத்திலிருந்து வீட்டுப் பக்கமே வரவில்லை, சூப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் போனதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அதிகாரியே காலையில் சொல்லியிருந்தார். பூட்ஸை இப்படி வைத்தவருக்கு, நெவில் வீட்டில்தான் இருக்கிறார், காலில் பூட்ஸ் இல்லாமல் இருக்கிறார், கையில் கலவை இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கதவும் சாத்துகிறது. என்ன நடக்கிறது என்று புரிய கிளெனிஸுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. அவர் ஏப்ரனில் இருந்தது மாவு இல்லை.

"நெவிலே கவுத்து வச்சிருக்கலாமே?" என்று அதிகாரி கேட்டார்.

"பால் லாரியத் தவிர அவர் எதையும் கவுத்ததில்ல" என்றேன்.

அடியில் ஆள் இருப்பது தெரிந்து கதவைத் தள்ளினாரா, கோபத்தில் வழக்கம் போலத் தள்ளினாரா என்று என்னால் சொல்ல முடியாது. வீடு ஜாக்கியில் நிற்கும்போது கதவைப் படாரென்று சாத்தக் கூடாது என்று நான் அவரிடம் சொன்னேன், அவர் அதைக் கேட்டுச் சிரித்தார், அது மட்டும் எனக்குத் தெரியும். கணவனைச் சிலந்தி கடித்துவிடக் கூடாது என்று குனிந்து பூட்ஸைக் கவிழ்த்த அதே பெண்தான் அடுத்த நிமிடம் உள்ளே போயிருக்கிறார், இரண்டையும் சேர்த்து வைத்து எனக்குக் கணக்குத் தீரவில்லை. அதிகாரி போனை எடுத்து மெல்போர்ன் ஆஸ்பத்திரியை அழைத்து, நெவில் டன்ஸ்டனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி நேற்றிலிருந்து நகரவே இல்லை, அவருடைய கையைப் பிடித்தபடியே இருக்கிறார் என்று மறுமுனையில் சொன்னது எனக்கும் கேட்டது. நெவிலை மனைவியுடன் தனியாக விட வேண்டாம், உடனே ஒரு ஆளை உள்ளே அனுப்புங்கள் என்று அதிகாரி சொன்னார்.

இதில் கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், ஊகித்ததை ஊகமாகவும் சொல்லியிருக்கிறேன், என் அறிவுக்கு எட்டியவரை பொய் கலக்கவில்லை. நிலையத்துக்குத் திரும்பிய பின் அதிகாரி முழுவதையும் வாசித்துக் காட்டினார். தேவையில்லாத விவரங்களை அடித்துவிடலாமா என்று கேட்டார். எது தேவையில்லாதது என்று இனிமேல் என்னிடம் கேட்க வேண்டாம், எல்லாம் இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) கெல்வின் ஜே. ட்ரெலோர்
என் முன்னிலையில்: பிரையோனி கீலி, சீனியர் கான்ஸ்டபிள்